மிளகாய் மில்லுக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர்

புத்தகம் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் முதலாளி நம்பினார். பதினோரு வருடம் அவரிடம் வேலை பார்த்து, அது உண்மையல்ல என்பதற்கு வாரம் ஒரு சான்றாவது நான் கொடுத்திருப்பேன். அவர் நம்பிக்கை அசையவில்லை. குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆகவே எண்பதுகளின் நடுவில் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று அவர் முடிவு செய்தபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு, தேநீர் வேளையில் இருபது நிமிடம் பேசியிருந்தேன். கட்டுரையைப் படிக்கப் பத்து நிமிடம்தான் பிடித்தது.

எங்கள் அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் இருந்தது. கப்பலிலும் விமானத்திலும் சரக்கு அனுப்பித் தருவது தொழில். சரக்கை நாங்கள் கண்ணால் பார்ப்பது அபூர்வம். எங்கள் வேலை காகிதம். என்ன பெட்டி, எத்தனை, யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு பிரதி காகிதம். ஆறாவது பிரதி மங்கலாக இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டி சிங்கப்பூரிலேயே தங்கிவிடும்.

மாடியில் மூன்றே பேர். முதலாளி நாகூர்ப் பக்கத்துக் குடும்பம்; மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் வியாபாரம். அடுத்து நான். என்னைக் கிராணி என்பார்கள். எங்கள் ஊரில் குமாஸ்தாவுக்கு அதுதான் பெயர். கடிதங்களையும் பட்டியல்களையும் நான் கையால் அழகாக எழுதிக் கொடுப்பேன். மூன்றாமவர் தட்டச்சு செய்யும் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆங் மோ கியோவில் வீடு, கத்தோலிக்கர். நான் எழுதிக் கொடுப்பதை அவர் அடிப்பார். அவர் அடித்த தாளில் பிழை என்பது கிரகணம் மாதிரி: வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்.

கம்ப்யூட்டர் வாங்கும் செய்தியை முதலாளி இப்படித்தான் அறிவித்தார்:

"கிராணி, மெஷின் வந்துட்டா டைப் அடிக்கிற வேலை அதுவே பாத்துக்கும். அப்ப மாடியில ஒரு ஆள் மிச்சம். ஜூரோங் கிட்டங்கியில உக்காந்து பெட்டி எண்ண ஒரு ஆள் வேணும்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். ரெண்டும் சரியாப் போச்சு, இன்ஷா அல்லா."

மூன்று பேரில் முதலாளி மிச்சமாக முடியாது. மெஷினைத் தேர்ந்தெடுக்கிறவன் நான். மீதி யார் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. அக்கா தலை நிமிராமல் ஒரு வரியை முடித்து, கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போனார்.

அன்று மதியம் என்னிடம் மட்டும் சொன்னார். "ஜூரோங்னா ரெண்டு பஸ் மாறணும் தம்பி. ஆறரைக்குக் கோயிலுக்கு வந்து சேர முடியாது. கொயர் போயிடும்."

புதனும் வெள்ளியும் மாலை அவருக்கு மாதா கோயிலில் பாட்டுக் குழுப் பயிற்சி. பதினெட்டு வருடத்தில் இரண்டே நாள் தவறவிட்டவர். ஒன்று வெள்ளம்; இன்னொன்று அவருடைய சொந்தக் கல்யாணம். அன்றைக்கும் பின்வரிசையில் கீழ்க்குரல் சரியில்லை என்று மேடையிலிருந்தே கவனித்தாராம்.

எம்.ஆர்.டி. ரயில் அப்போது தெருவெல்லாம் தோண்டிய பள்ளமாகத்தான் இருந்தது. ஊரின் மேற்குக் கோடியில் கிடக்கும் ஜூரோங் என்றால் கம்பெனி பஸ், இல்லாவிட்டால் பொறுமை.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்கும் பெருமை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒரு நீளக் குறிப்பேட்டில் பதினேழு பத்திகள் போட்டேன். ஞாபகசக்தி எவ்வளவு, வேகம் எவ்வளவு, திரையில் எத்தனை நிறம், சாவிகள் எத்தனை, இப்படி. தினசரி ஓடுமா என்பதற்குப் பத்தி போடவில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்தத் தலைப்பு இல்லை.

பிறகு கடைகளுக்குப் போனேன். ரோச்சோர் பக்கம் ஒரு கட்டடத்தில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடை. முதல் நாள் நான்கு கடையில் நிமிர்ந்து நின்றேன். இரண்டாம் நாள் ஐந்தாவது கடையில் விழுந்தேன். விற்பனையாளர் ஒரு சீன இளைஞர். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நெற்றியில் அன்றைக்கு விபூதி இருந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு நெகிழ்வட்டை எடுத்துச் செருகினார். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு நீலத் திரையில், மஞ்சள் நிறத்தில், அரையடி உயரத்தில் வந்தது:

வணக்கம்.

பல்லவர் கல்வெட்டைக் கண்டெடுத்தவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான். எங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதம்கூடத் தமிழில் போனதில்லை. சாங்கியில் தமிழில் பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் பதினேழு பத்திகளும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயின.

"தமிழில் வேறு என்ன வரும்?" என்று கேட்டேன்.

அவர் இன்னொரு சாவியை அழுத்தினார். அதே வணக்கம், சிவப்பில் வந்தது. "பெரிசாவும் வரும் லா," என்றார் ஆங்கிலத்தில்.

இன்னொரு சிறப்பையும் காட்டினார். அதனுடைய அச்சு இயந்திரம் சத்தமே போடாது. தாளை அடிக்காமல், சூட்டாலேயே மையை ஒட்டவைக்குமாம். படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு மௌனம் ஒரு பலவீனம். கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துவிட்டேன். அக்கா காலையில் சொல்லி அனுப்பிய ஒரு வாக்கியம் ஞாபகம் வந்ததால் மூடினேன். "எதுவா இருந்தாலும் நம்ம மாடிக்குக் கொண்டாந்து காட்டச் சொல்லுங்க தம்பி. கடையில எல்லாமே நல்லாத்தான் ஓடும்."

மாடிக்கு ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில். இரண்டு தளத்துக்கும் பழைய காலத்து ஒரே மின்கம்பி. மில் மோட்டார் கிளம்பும்போது எங்கள் விளக்குகள் மஞ்சளாகும், விசிறி தள்ளாடும், முதலாளியின் வானொலியில் செய்தி வாசிப்பவர் ஒரு கணம் மூச்சுவிட மறப்பார். மோட்டாரைப் போடுமுன் மில்காரர் மாடிப்படிக் கைப்பிடிக் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அது எங்களுக்கு எச்சரிக்கை. உடனே காப்பிக் குவளைகளை மூடுவோம், சன்னலைச் சாத்துவோம், கைக்குட்டையை மூக்கில் பொத்துவோம். அக்கா மட்டும் கைக்குட்டையை மூக்கை மூடிக் கட்டி, பின்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, குதிரைமேல் வரும் கொள்ளைக்காரி மாதிரி, அடித்துக்கொண்டே இருப்பார். நாளுக்கு எட்டு முறை தட்டுவார். ஒரு முறைகூட அக்காவின் விரல் நின்று நான் பார்த்ததில்லை.

நான் நூலகத்தில் இருந்த வாரங்களில் அக்காவும் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள சாப்பாட்டுக் கொட்டகையில் காப்பியும் வடையும் உண்டு. அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் தட்டச்சு வேலை செய்யும் பெண்கள் ஒன்பது பத்துப் பேர். வழக்கறிஞர் அலுவலகம், பள்ளிக்கூடம், காப்புறுதி என்கிற இன்சூரன்ஸ், கப்பல் பட்டறை என்று ஊரெல்லாம் பரவியிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டிருந்தது. அவர்களிடம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மெஷின் ரிப்பேர்காரர் பேரு என்ன?"

இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "பேரைத் தெரிஞ்சி என்னக்கா பண்றது?"

"பேரு தெரிஞ்சா அவன் அடிக்கடி வர்றான்னு அர்த்தம். காப்புறுதி ஆபீஸ் பிள்ளைக்குப் பேரும் தெரியுது, அவனுக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்ததும் தெரியுது. அந்த மெஷினை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டேன்."

"பள்ளிக்கூடத்து மெஷின்?"

"அவங்க அவனுக்குக் காப்பியில சீனி எத்தனைன்னு சொல்றாங்க."

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் மட்டும் முழித்தாளாம். "ரிப்பேர்காரரா? எங்க மெஷினுக்கு யாரும் வந்ததில்லையேக்கா," என்றாளாம். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜன்னல் ஓரம், பட்டறைத் தூசி, பக்கத்திலேயே வெல்டிங். அக்கா அந்த மெஷினின் பெயரை ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அதை என் குறிப்பேட்டில் தேடினேன். பன்னிரண்டாவது இடத்தில் இருந்தது. ஒரே நிறம். தமிழ் இல்லை. பக்கத்தில் 'சாதாரணம்' என்று எழுதியிருந்தேன். ஆனாலும் இரண்டையும் மாடிக்குக் கொண்டு வந்து பார்ப்பது என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார். "எது ஓடுதோ அது. ஓடிட்டா அடுத்த மாசம் ஜூரோங்குக்கு ஆள் அனுப்பிடலாம்," என்றார். அவர் அக்காவைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர், கெட்ட செய்திகளையெல்லாம் சன்னலிடம்தான் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு மெஷின்களும் எங்கள் ஒடுங்கிய படிகளில் ஏறின. என் மெஷின் வெண்ணெய் நிறம், வளைந்த விளிம்புகள். அக்காவினுடையது சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி. அதைத் தூக்கி வந்த நடுவயதுக்காரர் வணக்கமும் சொல்லவில்லை, குட் மார்னிங்கும் சொல்லவில்லை. வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மாதிரித் தாள் வேண்டாம் என்றார் அக்கா. அன்று மெட்ராஸ் விமானத்தில் போக வேண்டிய துணிப் பொதிகளின் பட்டியலையே எடுத்தார். பதினொன்றரைக்குள் சாங்கியில் இருக்க வேண்டிய காகிதம். வேன் ஓட்டுநர் கீழே காத்திருந்தார். அக்காவைச் சிஸ்டர் என்றே கூப்பிடும் முதலாளி பதறினார்.

"நிஜக் காகிதத்துல விளையாடாதீங்க சிஸ்டர்."

"விளையாட்டுக் காகிதத்துல அடிச்சா மெஷினும் விளையாட்டா இருக்கும் முதலாளி."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அக்கா எப்படி இதில் அடிக்கப் போகிறார்? நான் நான்கு புத்தகம் படித்தவன். எனக்கே மெஷினின் பொத்தான் பின்பக்கம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா பின்பக்கம் கையை நீட்டி, பார்க்காமலே அதைப் போட்டார். நெகிழ்வட்டைச் செருகினார். வெண்ணெய் நிற மெஷினில் ஐந்து வரி, சாம்பல் மெஷினில் ஐந்து வரி என்று நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அடித்தார். விரல்கள் பழைய வேகத்தில் போயின.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"

"கப்பல் பட்டறையிலதான். ஆறு சனிக்கிழமை மத்தியானம் போனேன்."

"ஜூரோங்குக்கா?"

"ஜூரோங்குக்குப் போகாம இருக்கத்தான் போனேன் தம்பி."

கீழே குழாயில் இரண்டு தட்டுக் கேட்டது. முதலாளி தேநீரை மூடினார். நான் சன்னலைச் சாத்தினேன். அக்கா கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். விற்பனையாளர்கள் இருவருக்கும் ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஐந்து விநாடி ஆயிற்று. மோட்டார் உறுமியது, விளக்குகள் மஞ்சளாயின. வெண்ணெய் நிற மெஷினின் திரை கறுத்து, ஒரு கணம் யோசித்து, பிறகு தன் ஞாபகசக்தியை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. அக்கா அடித்த வரிகள் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. எங்கள் யாரையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

சாம்பல் மெஷினின் திரை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கும் மனிதர் மாதிரி கொஞ்சம் சுருங்கி, மறுபடி விரிந்தது. எழுத்துகள் இருந்த இடத்தில் இருந்தன. அக்கா நிறுத்தவேயில்லை.

"உங்க பில்டிங் பிராப்ளம் லா," என்றார் என் இளைஞர், தும்மலுக்கு நடுவில்.

"ஆமா," என்றார் முதலாளி. "அந்த பில்டிங்லதான் நாங்க இருக்கோம்."

அக்கா அதோடு விடவில்லை. பட்டியலின் பாதியில் குனிந்து சாம்பல் மெஷினின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். அதைக் கொண்டு வந்த நடுவயதுக்காரர் பதறிப்போய் மெஷினை இரண்டு கையாலும் பிடித்தார். மறுபடி செருகி, போட்டு, எழுதியதைக் கூப்பிட்டார். கடைசி மூன்று வரி மட்டும் இல்லை. அதற்கு முந்தியதையெல்லாம் அவர் போகப்போக வட்டில் இறக்கி வைத்திருந்தார். நடுவயதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு வரி பரவாயில்லை," என்றார் அக்கா. "நான் மனசுல வெச்சிருக்கேன்."

பிறகு ஆறு பிரதித் தாள். என் மெஷினில் அக்கா சில வரிகளை மறுபடி அடித்தார்; கார்பன் இடைவைத்த தாள்கட்டை அதன் மௌன அச்சில் செருகினோம். ஓசையில்லாமல் வந்தது, முதல் தாள் அழகு. அடுத்த ஐந்தும் கடையில் வாங்கியபோது இருந்தபடியே வெள்ளை. அழுத்தாத அச்சுக்குக் கார்பனை எப்படித் தெரியும்? நான்கு புத்தகத்திலும் கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதியவர்கள் சாங்கிக்குப் போனதில்லை போலும்.

சாம்பல் மெஷினின் அச்சு மரங்கொத்திக் கூட்டம் மாதிரி கத்தியது. கீழே மில்காரர் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் பாதிப் படி ஏறி வந்தார். அக்கா ஆறாவது பிரதியைக் கிழித்துச் சன்னலோரம் பிடித்து, முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி கண்ணாடி போடாமலே வாங்குபவர் பெயர், முகவரி, பொதி எண்ணிக்கை எல்லாம் வாய்விட்டுப் படித்தார். மணி பத்தேகால். வேன் கிளம்பியது.

என் இளைஞர் பெட்டியை மூடுமுன் ஒரு மரியாதைக்காக வணக்கத்தை இன்னொரு முறை திரையில் போட்டுக் காட்டினார். நானும் கைகூப்பினேன். அதைத் தவிர அந்த மெஷினுக்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை.

சாம்பல் மெஷினை வாங்கினோம். ஆனால் ஜூரோங் நாற்காலி இரண்டு வாரம் காலியாகவே இருந்தது. முதலாளி தினமும் சன்னலைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு தேநீர் கேட்பார். அக்கா புதனும் வெள்ளியும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, இதுவே கடைசிப் பயிற்சியோ என்பதுபோல் ஒரு நிமிடம் படியில் நிற்பார்.

அந்த இரண்டு வாரமும் நான் கவனித்தது இன்னொன்று. முன்பு முதலாளி சொல்ல, நான் அழகாக எழுத, அக்கா அடிப்பார். இப்போது முதலாளி சொல்லச் சொல்ல அக்கா நேராக அடித்தார். தப்பாகச் சொன்னால் முதலாளி, "இல்ல சிஸ்டர், மாத்துங்க" என்பார், அக்கா மாற்றிவிடுவார். நேற்றைய பட்டியலில் இரண்டு எண்ணைத் திருத்தினால் இன்றைய பட்டியல் தயார். என் பேனா மூடியபடியே இருந்தது. மெஷின் வந்தால் தட்டச்சு செய்கிறவர் மிச்சமாவார் என்று முதலாளி நினைத்தார், நானும் நினைத்தேன். மிச்சமானது அழகாக எழுதுகிறவன்.

ஒரு நாள் மாலை என் பதினேழு பத்திக் குறிப்பேட்டைத் திறந்து, மேலே அக்கா பெயரும் என் பெயரும் எழுதி, யாரை மாடியில் வைத்துக்கொள்வது என்று நேர்மையாக நிரப்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒரே ஒரு குறி விழுந்தது: குழாய் ஒழுகினால் கூப்பிடலாம்.

மறுநாள் காலை முதலாளி சன்னலைப் பார்க்குமுன் போய் நின்றேன். "ஜூரோங்குக்கு நான் போறேன் முதலாளி."

அவர் முகத்தில் வந்த நிம்மதி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம். "நல்லா யோசிச்சீங்களா கிராணி? அங்க புஸ்தகம் படிக்க நேரம் கிடைக்கும்," என்றார். அது ஆறுதலா, அறிவிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாற்றல் கடிதத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்; பதினோரு வருட வழக்கம். என் மாற்றலை நானே ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். கடமை, காலமாற்றம், நன்றி எல்லாம் இருந்தது.

அக்கா படித்தார். "உங்களுக்கு வீடு குவீன்ஸ்டவுன்லதானே? ஒரே பஸ்," என்றார். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, ஒன்றரைப் பக்கத்தை இரண்டு வரியில் அடித்தார். இந்தத் தேதி முதல் இன்னார் ஜூரோங் கிட்டங்கிப் பொறுப்பாளர். ஆறு பிரதி. ஆறாவது என்னிடம் இருக்கிறது; இன்றும் தெளிவாகப் படிக்க வருகிறது.

ஜூரோங்கில் பெட்டிகளை எண்ணினேன். முதலாளி சொன்னது சரிதான், நிறையப் படித்தேன். தினமும் காலை வேனில் அக்காவின் பட்டியல் வரும். பெட்டிகளை எண்ணிவிட்டுப் பட்டியலைப் பார்ப்பேன். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் மறுபடி பெட்டிகளை எண்ணுவேன். தப்பு பட்டியலில் இருக்காது என்பது இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஒரு முறை அக்காவின் கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கீழ்க்குரல் சரியாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

நான்கு வருடம் கழித்து, கிட்டங்கிக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றார் முதலாளி. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. அவர் நம்பிக்கை அப்படி. குறிப்பேட்டைத் தேடவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா, நம்ம மாடி மெஷின் ரிப்பேர்காரர் பேரு என்ன?"

மறுமுனையில் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அங்கே கீழே குழாயிலும் இரண்டு தட்டுக் கேட்டது.

"தெரியலையே தம்பி," என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து.